‘சிறு’ அறுவையும் தேறுதலும்: சேர்வராயன் மலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ரணசிகிச்சையின் சரித்திரம் பெரும்பாலும் கத்தியின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. யார் முதலில் வெட்டினார், எவ்வளவு வெட்டினார், வெட்டியபின் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குள் அது அடங்கிவிடுகிறது. தையல் பிரித்து வீடு வந்து சேர்ந்தவருக்கு அதற்கப்புறம் உடம்பில் என்ன நடந்தது என்பது அதில் ஒரு அடிக்குறிப்பாகக்கூட வருவது அபூர்வம். அறுவை எவ்வளவுக்குச் சின்னதோ அவ்வளவுக்கு இந்த மௌனம் பெரிதாக இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது மிகச் சின்ன ஒன்று. முலைக்காம்பில் வந்து திறக்கும் பால்நாளங்கள் பதினைந்து இருபது இருக்கும். அவற்றில் ஒன்றையோ, காம்புக்கு அடியில் அவை கூடுகிற இடம் முழுவதையுமோ எடுத்துவிடுகிற அறுவை இது. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரமாக ஒரு பிறைக்கீறல், சில தையல்கள், அன்றோ மறுநாளோ வீடு. காம்பிலிருந்து தானாக ரத்தமோ நீரோ கசிகிற பெண்களுக்கு இதைச் செய்கிறார்கள். ஒரே நாளத்திலிருந்து ரத்தம் கசிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் நாளத்தின் உட்சுவரில் முளைக்கிற மருப் போன்ற ஒரு சாதுவான வளர்ச்சி. ஆனாலும் புற்று இல்லை என்று எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வந்ததும் டாக்டர் சொல்வது ஒரே சொல்: ‘ஒன்றுமில்லை.’

அந்தச் சொல்லின் கருணையை நான் குறைத்துப் பேச வரவில்லை. அதைக் கேட்பதற்காகப் பத்து நாள் தூங்காமல் கிடந்த பெண்ணுக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. ஆனால் அதே சொல் இரண்டு மாதம் கழித்து வேறு வேலை செய்கிறது. காம்பு மரத்துப் போயிருக்கிறது என்கிறாள், ஒன்றுமில்லை. துணி பட்டால் சுரீர் என்கிறது என்கிறாள், ஒன்றுமில்லை. கையைத் தூக்கினால் மார்பில் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கிறது, அதுவும் ஒன்றுமில்லை. புற்று இல்லை என்ற அர்த்தத்தில் சொல்லப்பட்டது, நீ உணர்வது இல்லை என்ற அர்த்தத்துக்கு நழுவிவிடுகிறது. இந்த நழுவலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

இதைச் சேர்வராயன் மலையோடு சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. தேறுதலுக்கென்று இடம் ஒதுக்கும் வழக்கத்தை வெள்ளைக்காரர்கள் தமிழ்நாட்டில் ஸ்தாபித்த மலைகளில் அது ஒன்று. யார் தேறலாம், எத்தனை நாள் தேறலாம், தேறும்போது என்ன உணர்ந்தோம் என்று சொல்வதற்கு யாருக்கு அவகாசம் உண்டு என்ற கேள்விகளை ஏற்காட்டில் வைத்துக் கேட்டால் பதில் கொஞ்சம் துலக்கமாகத் தெரிகிறது.

2

மார்பக அறுவையைப் பற்றி, அதற்கு ஆளானவரே எழுதியவற்றில் மிகப் பிரசித்தமானது ஃபேன்னி பர்னியின் கடிதம். ஆங்கில நாவலாசிரியை, அப்போது பாரிஸில் வாசம். 1811 செப்டம்பர் 30 அன்று நெப்போலியனின் ராணுவ சர்ஜன் லாரே அவருடைய வலது மார்பை எடுத்தார். மயக்கமருந்து வருவதற்கு இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. பர்னிக்குக் கிடைத்தது ஒரு கோப்பை மதுவகை மட்டும். இந்தக் கடிதத்தைக் குறிப்பிடுகிற எல்லோரும் கத்தி இறங்கிய நிமிஷங்களைத்தான் குறிப்பிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடிதம் எழுதி முடிந்தபோது அறுவை நடந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தலைவலி வந்தது என்றும், எழுதியதைத் திரும்பப் படிக்கத் துணிவில்லை என்றும் அவரே சொல்கிறார். அதாவது காயம் ஆறிய பிறகும் ஏதோ ஒன்று ஆறவில்லை. அதைச் சொல்ல முயலும்போது உடம்பு வேறோரிடத்தில் எதிர்ப்புக் காட்டுகிறது. எதிர்பாராத அறிகுறி என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். பர்னி அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1840இல், 87 வயதில் இறந்தார். இவ்வளவு காலம் வாழ்ந்ததாலேயே, எடுத்த கட்டி புற்றுதானா என்ற சந்தேகம் பின்னால் வந்தவர்களுக்கு உண்டு.

அதே 1840இல்தான் லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர் மார்பகத்தின் உடற்கூறு பற்றிய தம் நூலை வெளியிட்டார். இறந்தவர்களின் பால்நாளங்களுக்குள் நிற மெழுகைச் செலுத்தி, அவை கிளைக்கும் விதத்தை மரங்களைப் போல வரைந்து காட்டினார். பால்நாளங்களுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. அவற்றைச் சுற்றியிருக்கும் உணர்ச்சிக்கு அப்படி ஒரு வரைபடம் வர இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

அதற்கடுத்த நூறாண்டு பெரிய வெட்டின் நூறாண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹால்ஸ்டெட் 1894இல் ஐம்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பின், மார்போடு அதன் கீழுள்ள தசையையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது சாஸ்திரமாயிற்று. நியூயார்க்கில் ஜெரோம் அர்பன் அதற்கும் மேலே போய், நெஞ்சுக்கூட்டின் உள்ளேயிருக்கும் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் விஸ்தாரமான அறுவையைப் பிரபலப்படுத்தினார். வேடிக்கை என்னவென்றால், அதே அர்பன்தான் 1963இல் பால்நாளங்களை மட்டும் எடுக்கும் சின்ன அறுவையைப் பற்றியும் எழுதினார். பிரிட்டனில் ஹாட்ஃபீல்ட் 1960இலேயே அதை விவரித்திருந்தார். இன்றும் சர்ஜன்கள் அவர் பெயரால் அதைச் சொல்வதுண்டு. நெஞ்செலும்பு வரை போன கை காம்பினடியில் சில சென்டிமீட்டரோடு நிற்கும்போது, அந்தக் கைக்கு இது ‘சிறு’ அறுவையாகத்தான் தோன்ற முடியும். ‘சிறு’ என்ற அடைமொழி பிறந்த இடம் இது. அளவுகோல் பெரிய வெட்டிலிருந்து வந்தது. நோயாளியின் உடம்பில் அந்த அளவுகோல் இல்லை. அவள் இதற்குமுன் ஹால்ஸ்டெட்டின் அறுவையைச் செய்துகொண்டு வந்து இதை ஒப்பிடுவதில்லை.

1987இல் கார்டிஃபைச் சேர்ந்த ஹியூஸும் சகாக்களும் இன்னொரு காரியம் செய்தார்கள். மார்பகத்தின் சாதுவான கோளாறுகளில் பெரும்பாலானவை வியாதிகளே அல்ல, வளர்ச்சியிலும் தேய்விலும் வழக்கத்தினின்று சற்று விலகிய நிலைகள் என்று வகைப்படுத்தினார்கள். நல்ல காரியம், எத்தனையோ வேண்டாத கத்திகளை அது தடுத்தது. ஆனால் வியாதியே அல்லாத ஒன்றுக்கு அறுவை செய்துகொண்ட பெண், அதன்பின் தனக்கு வருகிற அவஸ்தையை எந்தப் பெயரில் கொண்டுபோய் ஒப்படைப்பது?

3

அந்த அவஸ்தைகளில் ஒன்றுக்குப் பெயர் வைத்தவர் நம் பத்திரிகைகளுக்கு முற்றிலும் அந்நியரல்ல. ஆனால் அவரை நாம் அறிந்தது வேறு வாசல் வழியாக. ஹென்றி மோந்தோர்: மல்லார்மேயின் வாழ்க்கையை 1941இல் எழுதியவர், 1945இல் வந்த மல்லார்மே முழுத்தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஒருவர், 1946இல் பிரெஞ்சு அகாதெமியில் பால் வலேரியின் இருக்கைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தொழிலால் அவர் சர்ஜன். 1939இல் அவர் விவரித்த ஒரு நிலை இன்றும் மோந்தோர் நோய் என்றே வழங்குகிறது. மார்பின் தோலுக்கடியிலிருக்கும் ஒரு சிரையில் ரத்தம் உறைந்து, சிரை தடித்து இறுகி, முறுக்கிய கயிறுபோல் ஆகிவிடுகிறது. மார்பில் அடிபட்ட பின்னாலும், இறுகக் கட்டியதாலும், சிறிய அறுவைகளுக்குப் பின்னாலும் இது வரலாம். அறுவை முடிந்து எல்லாம் ஆறிவிட்டது என்று நினைக்கும் வேளையில், சில நாளிலோ சில வாரத்திலோ தோன்றுவதால்தான் திகில். கையை மேலே தூக்கினால் தோல் உள்வாங்கி, நாண் ஏற்றியதுபோல் ஒரு கோடு தெரியும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே கரைந்துவிடும். அபூர்வமாக அதன்பின்னே வேறு கட்டி ஒளிந்திருப்பதுண்டு என்பதால் காட்டிவிடுவது நல்லது.

மல்லார்மேயிடம் மோந்தோர் எதைக் கற்றார் என்று நிரூபிக்க எனக்கு வழியில்லை. ஆனால் ஒரு ஒற்றுமை உறுத்துகிறது. சொல்லின் சின்னச் சின்னத் தொனிகளில் வாழ்நாளைச் செலவழித்த ஒரு கவிஞனுக்காகத் தன் ஓய்வுநேரத்தையெல்லாம் கொடுத்த மனிதர், ஆஸ்பத்திரியில் ஒரு பெண் தன் மார்பில் கயிறு ஓடுகிறது என்று சொன்னதை மிகை என்று தள்ளாமல் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். ‘கயிறு’ என்பதை ஒரு உவமையாக விட்டுவிடாமல் ஸ்தூலமான பொருளாக எடுத்துக்கொண்டார். உவமைகளை நம்புவது மருத்துவத்துக்கும் பயன்படுகிறது.

4

கயிறுக்குப் பெயர் கிடைத்தது. மற்றவை? பால்நாள அறுவைக்குப்பின் வரக்கூடியவற்றை வரிசையாகச் சொன்னால்: கன்றிப்போதல், உள்ளே ரத்தமோ நீரோ கட்டுதல், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பில் உணர்ச்சி குறைதல் அல்லது அறவே போதல், அதற்கு நேர்மாறாக, பட்டாலே தாங்கமுடியாத கூச்சம், ஊறல், திடீர் மின்வெட்டுப் போன்ற தெறிப்பு, எல்லா நாளங்களையும் எடுத்திருந்தால் அந்த மார்பில் பாலூட்ட முடியாமை. காய்ச்சல், பரவுகிற சிவப்பு, சீழ், திரும்பவும் ரத்தக் கசிவு என்றால் காத்திராமல் டாக்டரிடம் போகவேண்டும். கருவட்டத்தின் ஓரத்தில் ஆறுவதும் திறப்பதுமாக இருக்கும் புரைப்புண்ணை 1951இல் ஸுஸ்காவும் சகாக்களும் விவரித்தார்கள். நாளம் மிச்சமிருக்கும்வரை அது திரும்பத் திரும்ப வரும்.

இவற்றில் தொற்றும் ரத்தக்கட்டும் சர்ஜனின் கண்ணுக்குத் தெரிபவை. கூச்சமும் தெறிப்பும் தெரியாதவை. பேச்சின் வழியாக மட்டுமே வெளியே வருபவை. காம்புக்கு உணர்ச்சி கொண்டுவரும் பிரதான நரம்பு நான்காம் விலா இடைவெளியிலிருந்து வருகிறது. அதன் மெல்லிய நுனிகள் கீறலில் அறுபடலாம். அறுந்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் திரும்ப வளர்கிறது. வளரும்போது அது சும்மா வளர்வதில்லை. ஊறலாக, எரிச்சலாக, காரணமற்ற தெறிப்பாகத் தன் வருகையை அறிவிக்கிறது. மரத்துப்போன இடம் மூன்றாம் மாதம் வலிக்க ஆரம்பிப்பது பல சமயம் கெட்ட செய்தியல்ல. ஆனால் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாவிட்டால் அவள் அதைப் புற்றின் வருகையாகத்தான் வாசிப்பாள்.

மூளையில் உடம்பின் வரைபடத்தை பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937இல் வெளியிட்டார்கள். பிறகு அதிலிருந்து உருவான, பெரிய உதடும் பெரிய கட்டைவிரலும் கொண்ட அந்தக் குட்டி மனிதன் பாடப்புத்தகங்களில் ஆண்தான். முலைக்காம்பைத் தொட்டால் பெண்ணின் மூளையில் எந்த இடம் விழிக்கிறது என்பதை, அமெரிக்காவில் கோமிஸரூக்கும் சகாக்களும் 2011இல்தான் படமெடுத்துக் காட்டினார்கள். மார்புக்குரிய பகுதியோடு பிறப்புறுப்புக்குரிய பகுதியும் சேர்ந்தே விழித்தது. எழுபத்துநான்கு ஆண்டுகள். காம்பில் கத்தி பட்ட பிறகு உணர்ச்சி எங்கெங்கோ ஓடுகிறது என்று சொன்ன பெண்களை அந்த எழுபத்துநான்கு ஆண்டுகளில் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை.

அறுவையே நீடித்த வலிக்குக் காரணமாகலாம் என்பதை வைத்தியம் ஏற்றுக்கொண்டதும் தாமதமாகத்தான். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பத்து வலிச் சிகிச்சை நிலையங்களில் 5,130 நோயாளிகளைக் கணக்கெடுத்த ஆய்வு 1998இல் வெளிவந்தது, ஏறத்தாழ 22.5 சதவீதம் பேரின் வலியில் ஓர் அறுவைக்குப் பங்கிருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டில்தான் அறுவைக்குப் பின்னான நீடித்த வலிக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குப் பெயர் உண்டு.

5

இனி மலைக்கு வருவோம். மலைவாச ஸ்தலம் என்ற ஏற்பாடே உடம்பு தேறுவதற்காக உண்டானது. 1835இல் கம்பெனி சிக்கிம் அரசரிடம் டார்ஜிலிங்கைப் பெற்றபோது எழுதிக்கொண்ட காரணம், நோயுற்ற தன் சிப்பந்திகள் அங்கே போய்க் குணமடையலாம் என்பதுதான். சேர்வராயன் மலையில் காபி முந்திக்கொண்டது. சேலத்தில் 1820களில் கலெக்டராயிருந்த காக்பர்ன் அங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தவர் என்று அறியப்படுகிறார். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் அந்தத் தொடக்கத்தின் நினைவு. காபியின் பின்னே பங்களாக்களும், பின்பு தேவாலயங்களும், கான்வென்டும், பள்ளிக்கூடமும் ஏறின. சமவெளியின் வெயிலில் வாடிய துரைகளும் துரைசானிகளும் ஏரிக்கரைக் குளிரில் சில வாரம் கிடந்து எழுந்து போனார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் புரூஸ் ஃபுட் வேலை ஓய்ந்தபின் வாழத் தேர்ந்த ஊரும் ஏற்காடுதான். 1912இல் அவர் இறந்தது கல்கத்தாவில். நினைவுக்கல் இருப்பது ஏற்காட்டுத் தேவாலயத்தில்.

மோட்டார் பாதை வருமுன் இந்த மலைகளுக்கெல்லாம் ஏறியது குதிரையிலும் டோலியிலும். டோலியில் ஒருவர் தேறப் போனார் என்றால் அதன்கீழ் சில தோள்கள் இருந்தன என்று அர்த்தம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர் காஞ்சியிலிருந்து வந்து மூன்று மலைகளுக்குப் பிரிந்ததாகச் சொல்லும் மலையாளிகள் இங்கே பெரியண்ணன் வழியினர். அவர்களுடைய சேர்வராயன் மலைமேல் குகைக்கோயிலில் இருக்கிறான். மே மாதத்தில் அவனுக்குத் திருவிழா. சாலை எட்டாத மலைக்கிராமங்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறக்குவது தமிழ்நாட்டில் இந்த நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது. மலை ஒருவருக்குத் தேறுவதற்கு ஏறிப்போகும் இடமாகவும் இன்னொருவருக்கு வைத்தியத்துக்கு இறங்கவேண்டிய இடமாகவும் இருந்திருக்கிறது.

சேலம் ஜில்லாவைப் பற்றி லெ ஃபானு 1883இல் தொகுத்த கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெஜட்டியரும் நம்மிடம் உள்ளன. மழை, உஷ்ணம், காபி நிலத்தின் பரப்பு, சாதிகள், கோயில்கள் என்று எதையும் விடாத உழைப்பு அவை. காபிப் பழம் பறித்த பெண்ணின் உடம்பு காயம்பட்டால் எப்படித் தேறியது என்பதற்கு அவற்றில் அத்தியாயம் கிடையாது. அப்படி ஒரு அத்தியாயம் தேவை என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இன்று அந்த அத்தியாயத்தைக் கற்பனையில்லாமல், உடற்கூறையும் வேலையையும் மட்டும் வைத்தே பாதி எழுதிவிடலாம். மேல்சிகிச்சைக்குச் சேலத்துக்கு இறங்கவேண்டும். திரும்பி வர இருபது கொண்டையூசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயும்போது தையல் போட்ட மார்பு சாயும். கையால் அணைத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். மேலே குளிர். அறுபட்ட நரம்புக்குக் குளிர் ஆகாது. சமவெளியில் சும்மா இருந்த வடு மூடுபனியில் கடுக்கும். துரைக்கு மருந்தாக இருந்த அதே காற்று. பறிப்புக் காலம் கார்த்திகைக்குப் பின் தொடங்கி மாசி வரைக்கும் ஓடுகிறது, அதாவது வருஷத்தின் மிகக் குளிர்ந்த மாதங்கள். பழம் பறிப்பதென்றால் கையைத் தூக்கிக் கிளையை வளைத்துப் பிடித்து உருவவேண்டும். மோந்தோர் விவரித்த நாண் இறுகித் தெரிவதும் கையைத் தூக்கும்போதுதான். பாரிஸில் ஒரு டாக்டர் பரிசோதனைக்காகத் தூக்கச் சொன்ன கையை, இவள் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். எடைக்குக் கூலி என்றால், வலி எத்தனை கிலோ குறைத்தது என்பது சாயங்காலம் தராசில் தெரிந்துவிடும். வலிக்கு அங்கே கிடைக்கிற ஒரே பதிவு அதுதான்.

6

சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்க்கலாம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் நோய்க்கால உதவித்தொகையையும் தோட்டத்தின் கடமையாக்கியது. முதலில் அது இருபத்தைந்து ஏக்கரும் முப்பது தொழிலாளரும் கொண்ட தோட்டங்களுக்கு. 1981இன் திருத்தத்தில் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் என்று தளர்ந்தது. அதற்குச் சிறிய தோட்டத்திலும், தன் சொந்தத் துண்டு நிலத்திலும் உழைப்பவள் வெளியே நின்றாள். 1961இன் மகப்பேறு உதவிச் சட்டம் இன்னும் நுட்பமாகக் கணக்கிடுகிறது. பிரசவத்துக்கு ஆரம்பத்தில் பன்னிரண்டு வாரம், 2017 முதல் இருபத்தாறு. கருச்சிதைவுக்கு ஆறு வாரம். கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரம். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை. இவ்விரண்டு சட்டங்களும் 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்களில் அடக்கப்பட்டன. மகப்பேற்றுக் கணக்கு மாறவில்லை.

இதைக் குறைசொல்ல வரவில்லை. போராடிப் பெற்றவை இவை. ஆனால் கணக்கின் தர்க்கத்தைக் கவனிக்கவேண்டும். பெண் உடம்பு பிள்ளையைச் சுமக்கும்போதும், இழக்கும்போதும், இனி வேண்டாம் என்று கட்டிக்கொள்ளும்போதும் சட்டத்துக்குத் தெரிகிறது. பால்நாளத்தில் பால் ஓடும்வரை அதற்கு இடைவேளை உண்டு. அந்த நாளத்தில் ரத்தம் ஓடினால், அதை வெட்டியெடுத்தால், அது பொதுவான ‘நோய்’. அதிலும் ‘சிறு’ அறுவை. சர்ஜனின் அளவுகோலிலிருந்து வந்த அடைமொழி இங்கே விடுப்பு நாட்களின் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது.

7

இலக்கியத்திடம் கேட்டால்? தமிழ் இந்த உறுப்பைப் பற்றிக் கூச்சப்பட்ட மொழியல்ல. புறநானூற்றின் 295ஆம் பாட்டில், போரில் விழுந்த மகனைக் கண்ட தாயின் வற்றிய மார்பு திரும்பச் சுரக்கிறது. துக்கம் பால்நாளத்தின் வழியே வெளிப்படுகிறது. இதைவிட எதிர்பாராத அறிகுறி என்ன இருக்கமுடியும்? ஔவையார் அதை மிகை என்று நினைக்கவில்லை. நற்றிணை 216இல் ஒரு முலை அறுத்த திருமாவுண்ணி வருகிறாள். சிலம்பில் கண்ணகி. அவள் மார்பைத் திருகி எறிந்தபின் மதுரை எரிந்தது நமக்குத் தெரியும். அதற்குப்பின் அவள் வையைக் கரைவழியே நடந்து நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை மரத்தடியில் நின்று, கணவன் இறந்த பதினான்காம் நாள் வானேறுகிறாள். அந்தக் குன்றத்தைச் சேலத்துக்கு அருகிலுள்ள திருச்செங்கோடு என்று கொண்ட உரைமரபு ஒன்று உண்டு. வேறு மலைகளுக்கும் உரிமை கோருவோர் உண்டு. எந்த மலையானால் என்ன, அந்தப் பதினான்கு நாளும் புண் எப்படி இருந்தது என்று காப்பியம் நின்று பேசுவதில்லை. குன்றக்குறவர் ஒரு முலை இழந்தவளைக் காண்கிறார்கள், வியக்கிறார்கள், கும்பிடுகிறார்கள். வலிக்கிறதா என்று யாரும் கேட்டதாக இல்லை. தெய்வமாக்கிவிட்டால் கேட்கவேண்டியதில்லை.

காப்பியம் கேட்காததை வீடு கேட்டிருக்கிறது. பால் கட்டிக்கொண்டால் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதை மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 1988இல் வெளியாயிற்று. பாலை நிறுத்துவதில் பூ மாத்திரைக்குச் சளைக்கவில்லை. பூவை வைத்துக் கட்டியவளுக்கு நாளத்தின் வரைபடம் தெரியாது. ஆனால் கட்டியவளிடம் ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று மறுநாள் கேட்கிற இன்னொருத்தி இருந்தாள்.

1926இல் வர்ஜீனியா உல்ஃப் நோயைப் பற்றிய தம் கட்டுரையில், தலைவலியைச் சொல்லக்கூட ஆங்கிலத்தில் சொல் பற்றவில்லை என்று குறைப்பட்டார். 1975இல் மான்ட்ரியாலில் ரொனால்ட் மெல்ஸாக் வலியைச் சொல்லும் 78 சொற்களை 20 குழுக்களாக அடுக்கி ஒரு வினாத்தாள் செய்தார். வைத்திய உலகம் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக ஏற்றது, நியாயமாகவே. தமிழில் இந்தப் பஞ்சம் இல்லை. விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, குறுகுறுக்கிறது, மதமதக்கிறது, கடுக்கிறது, பொதுபொது என்று இருக்கிறது, எறும்பு ஊருகிறது, நரம்பு சுண்டி இழுக்கிறது. இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்திருப்பதில் பாதி, உடம்பின் உள்ளேயிருந்து வருகிற செய்திகளின் அகராதி. மதமதப்பு என்றால் நரம்பு இன்னும் வந்து சேரவில்லை. எறும்பு ஊருதல் என்றால் வந்துகொண்டிருக்கிறது. விண்விண் என்றால் உள்ளே எதுவோ கட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வைத்தியத்துக்கு உதவக்கூடிய இந்த வித்தியாசங்கள் எல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வலி’ என்ற ஒரே சொல்லாக, அதுவும் ஆங்கிலத்தில், விழுகின்றன. அந்த மொழிபெயர்ப்பில் போவது கவித்துவம் மட்டுமல்ல, தகவல்.

ஆகவே தேறுதலுக்கு இரண்டு வேண்டியிருக்கிறது: படுத்திருக்கச் சில நாள், சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்ள ஒரு காது. பர்னிக்கு இரண்டும் இருந்தன. அப்படியும் அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஏற்காட்டில் பங்களாவில் கிடந்தவருக்கு முதலாவது தாராளமாகக் கிடைத்தது. காபிக் காட்டில் நிற்பவளுக்கு இரண்டுமே எண்ணித்தான் கொடுக்கப்படுகின்றன. முதலாவதைச் சட்டமும் சங்கமும்தான் வாங்கித்தர முடியும். இரண்டாவதற்குச் செலவு அதிகமில்லை. அறுவைக்கு முன்பே என்னென்ன வரலாம் என்று அவள் பாஷையில் சொல்வது. பிறகு அவள் சொல்வதை அவள் சொல்லிலேயே சீட்டில் எழுதிக்கொள்வது. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்குமுன், எது இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்: புற்று இல்லை, நீ சொல்கிற குறுகுறுப்பு இருக்கிறது.